எண்ணெய் ஆலையில் அளவை

தமிழில் ‘அளவை’ என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. நாழி, மரக்கால், முழம் முதலியவற்றால் ஒரு பொருளின் அளவைக் காண்பதும் அளவை. ஒன்று மெய்யென்று நாம் அறியும் நெறி யாது என ஆராயும் தருக்கமும் அளவை. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி என்பான் பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். பின்வந்த சாத்திர நூலார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினர். நெல்லை அளக்கும் நாழிக்கும் மெய்ம்மையை அளக்கும் தருக்கத்துக்கும் ஒரே பெயர் வழங்குவது ஏன் என்று யான் பன்முறை எண்ணியதுண்டு. இதற்கு விடை எனக்கு நூலகத்திற் கிடைக்கவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றைப் பற்றி என் தாய்மாமன் கூறிய செய்திகளிற் கிடைத்தது.

இத்தலைப்பைக் கேட்ட விடுதித் தோழர் சிலர், “தமிழ் ஆனர்ஸ் பயில்வானுக்கு எண்ணெய் ஆலையோடு என்ன உறவு?” என்று நகைத்தனர். உறவு உண்டு. என் அண்ணன் கருவியியலிற் பட்டயம் பெற்றவன். மேற்குக் கடற்கரையில் உள்ள ஓர் ஆலையிலே, பகுப்பாய்வுக் கருவிகளைப் பேணும் பணிக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. அதே ஆலையில்தான் என் மாமன் முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். அழைப்பைக் கண்டு வீட்டார் யாவரும் மகிழ்ந்தனர். என் அன்னையார் மட்டும் மகிழவில்லை. “என் தம்பி ஒருவன் அங்கே பட்டது போதும், என் மகனும் போக வேண்டா” என்பதே அவர் சொல். மாமன் பட்டது யாது, அண்ணன் செல்லவிருக்கும் பணி யாது, இரண்டும் ஒன்றா வேறா என்று தெளிந்து சொல்லும் கடமை, வீட்டில் நூல் பயில்வான் என்ற பெயரால், என்மேல் விழுந்தது. மாமனிடம் பலநாள் கேட்டும், பொறியியல் பயிலும் நண்பர்தம் நூல்களைப் புரட்டியும் யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

நிலத்தடியினின்று வரும் கச்சா எண்ணெய் ஒரு பொருளன்று. எண்ணிறந்த பொருள்களின் கலவை. அதனை உலையில் ஏறக்குறைய 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, உயர்ந்த கோபுரம் ஒன்றனுட் செலுத்துவர். இலேசானவை ஆவியாகி மேலெழும். கனமானவை கீழே தங்கும். இவ்வாறு சமையல் வாயு, நாப்தா, மண்ணெண்ணெய், டீசல், அடிக்கசடு எனப் பலவும் மேலிருந்து கீழாகத் தத்தம் நிலைகளிற் பிரியும். பிரிந்தவற்றினின்று கந்தகத்தை நீக்குவதும், கனமானவற்றை உடைத்து இலேசாக்குவதும், பலவற்றை ஒன்றுகூட்டிப் பெட்ரோல் ஆக்குவதும் பின்னர் நிகழ்வன. இவற்றையெல்லாம் நடத்துவதற்கு வெப்பம், அழுத்தம், ஓட்டம், மட்டம் என்னும் நான்கையும் அறியும் கருவிகள் நெடுநாளாகவே உள. ஆயினும், குழாயில் எவ்வளவு ஓடுகிறது, எத்துணைச் சூட்டில் ஓடுகிறது என்பவற்றை அவை சொல்லுமேயன்றி, ஓடுவது என்ன என்பதைச் சொல்லா. நோயாளியின் நாடித்துடிப்பையும் உடற்சூட்டையும் அறிந்த மருத்துவன், அவன் குருதியில் உள்ளது யாதென அறியாதிருப்பதை ஒக்கும் இது.

ஓடுவது என்ன என்று அறிய முற்காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. ஓர் ஆள் புட்டியை ஏந்திச் சென்று, வால்வைத் திறந்து, மாதிரி பிடித்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொணர்வான். “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பர் நம் முன்னோர். பானைச் சோறு ஓரிடத்தில் நின்று ஒருங்கே வேவது. ஆதலின் ஒரு பருக்கை பிற பருக்கைகளுக்குச் சான்றாகும். குழாயில் ஓடும் எண்ணெயோ ஆறு போன்றது. காலையில் ஆற்றில் மொண்ட ஒரு குடம் நீர், மாலையில் வரும் வெள்ளத்துக்குப் பதம் ஆகுமா? ஆண்டுக்கு 1 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையில் ஒரு மணி நேரத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் ஓடும். ஆய்வுக்கூடத்தின் முடிவு மூன்று மணி நேரங் கழித்து வருமாயின், அதற்குள் 3,000 டன்னுக்கு மேல் கடந்து போயிருக்கும். முடிவு மெய்யே; ஆனால் அது கடந்துபோன எண்ணெயைப் பற்றிய மெய்.

என் மாமன் இளமையில் ஏற்ற பணி இவ்வாறு மாதிரி பிடிப்பதே. ஒவ்வொரு முறைப்பணியிலும், கோடையாயினும் மழையாயினும், இரும்பு ஏணிகளில் ஏறியிறங்கி நாற்பதுக்கு மேற்பட்ட புட்டிகளை அவர் நிரப்பி வருவார். அவற்றுட் சில இடங்களில் எண்ணெயோடு ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவும் வெளிப்படும். அழுகிய முட்டையின் நாற்றமுடையது அது. மிகச் சிறிதளவே காற்றிற் கலந்தாலும் மூக்கு அறிந்துகொள்ளும். ஆனால் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 100 பங்கு அவ்வாயு சேருமாயின், சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மழுங்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். இன்னும் மிகுந்தால் உயிருக்கே இறுதி வரும். இடர் சிறிதாயின் கூவி எச்சரித்து, இடர் பெரிதாயின் வாய்மூடும் காவலாளி ஒருவன் இருப்பின் அவனை என்னென்பது! மனிதனுடைய மூக்கு அத்தகைய காவலாளியே.

ஒருநாள் இரவு மாமன் வால்வைத் திறந்தபோது நாற்றம் எழுந்தது. சிறிது நேரத்தில் அடங்கியது. அடங்கிற்றென்று எண்ணி அவர் அங்கேயே நின்றார். ஏணியின் அடியில் நின்ற தோழர் ஒருவர், மாமன் தள்ளாடுவதைக் கண்டு காப்புமூடி அணிந்து மேலேறி, அவரைத் தோளில் தாங்கி இறக்கினார். அத்தோழர் காணாதிருந்தால் இன்று எனக்கு மாமன் இல்லை. நாற்பது நாள் மருத்துவமனையிலும் வீட்டிலுமாகக் கிடந்து எழுந்தார். மல்லிகையின் மணத்தை இன்றளவும் அவர் முழுமையாக அறியார். என் அன்னையார் “பட்டது” என்றது இதனையே.

இனி, புட்டிக்குப் பதிலாக வந்த கருவிகளைப் பார்ப்போம். இவை குழாயின் உள்ளேயோ, குழாயை ஒட்டிய சிறு கிளையிலோ அமர்ந்து, ஓடும் பொருளை ஓடும்போதே ஆராய்வன. இவற்றுட் சில, காண்டல் அளவையைச் சார்ந்தவை எனலாம். உலையின் புகைப்போக்கியில் அமரும் ஆக்சிஜன் உணர்கருவி அத்தகையது. சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளை ஏறத்தாழ 700 பாகைக்குச் சூடாக்கினால், ஆக்சிஜன் அயனிகள் அதனூடே செல்லும். ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் உலைப்புகையும் படுமாறு அதனை வைப்பின், இருபுறத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வேற்றுமைக்கு ஏற்ப ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். அதைக் கொண்டு புகையில் எஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்று நொடிப்பொழுதில் அறியலாம். பெரும்பாலும் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு எஞ்சுமாறு உலையை நடத்துவர். அதனினும் மிகுந்தால் வீண்காற்றைச் சூடாக்கிப் புகைப்போக்கி வழியே எரிபொருளைக் கொட்டியவாறாகும். மிகக் குறைந்தால் எரிபொருள் முற்றும் எரியாது கார்பன் மோனாக்சைடு தோன்றி உலைக்கே கேடு சூழும். ஏழை வீட்டு அடுப்பில் ஊதுகுழல் பிடிக்கும் தாயின் கைத்திறமும் இதுவே. ஆயின் ஆலையின் உலைக்குத் தாயின் கண் எட்டாது.

வாயு வண்ணப்படிவியல் என்பது பிறிதொரு முறை. ஆர்ச்சர் மார்ட்டினும் அவருடன் ஆய்ந்த ஜேம்சும் 1952-இல் இதன் வழியை வெளியிட்டனர். நுண்ணிய நீண்ட குழாய் ஒன்றனுள் ஹைட்ரஜன் அல்லது ஹீலியம் ஓட, அதனோடு ஒரு துளி மாதிரியைச் செலுத்துவர். இலேசான பொருள் முன்னும் கனமான பொருள் பின்னுமாக அவை வரிசையில் வெளிப்படும். திருவிழாக் கூட்டம் ஒடுங்கிய தெருவொன்றிற் புகுந்து மறுமுனையில் ஒவ்வொருவராக வெளிப்படுவது போன்றது இது. யார் யார் வந்தனர், எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். ஆனால் ஒருமுறை எண்ணி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும்.

மற்றொரு வகை, கருதல் அளவையைச் சார்ந்தது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூற் புலவர், ஞாயிற்றின் ஒளியைப் பட்டகத்தாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுந் தோன்றாத இடத்திலும் வெப்பம் ஏறக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் இவ்வாறு அறியப்பட்டது. கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்த பிணைப்புகள் தத்தம் இயல்புக்கேற்ப இக்கதிரிற் சில பகுதிகளை விழுங்கும். பெட்ரோல் ஓடும் குழாயில் இக்கதிரைப் பாய்ச்சி, விழுங்கப்பட்டவை எவை என்று நோக்கின், பெட்ரோலின் இயல்பைக் கருதி அறியலாம். பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் ஆக்டேன் எண்ணை, அதற்கென அமைந்த ஒற்றை உருளை எஞ்சினில் எரித்துப் பார்த்தே முன்னர்க் கண்டனர். அவ்வெண்ணை அகச்சிவப்பு நிறமாலையால் முன்னறியலாம் என 1989-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் காட்டினர். ஆக்டேன் எண்ணை இக்கருவி காண்பதில்லை. எஞ்சினில் எரித்து எண் அறியப்பட்ட பல மாதிரிகளின் நிறமாலைகளைக் கணினி முன்னரே கற்று வைத்துள்ளது. புதியது வரும்போது, “இன்ன நிறமாலை உடையதற்கு இன்ன எண் ஆதல் வேண்டும்” என்று கருதுகிறது. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது போன்றது இது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைப் பயின்ற நமக்கு இது புதிதன்று. உள்ளத்தை யார் கண்டார்? உடலில் தோன்றும் கண்ணீரையும் மயிர்க்கூச்சையும் கண்டே உள்ளத்து நிகழ்ச்சியை உணர்கிறோம் அன்றோ?

இக்கருவிகள் அறிந்தது அறிந்தபடி நில்லாது, அறிவு உடனே செயலாவதே இவற்றின் சிறப்பு. கருவி கூறியதைக் கணினி கேட்டு, வால்வைச் சிறிது திறக்கவோ மூடவோ செய்கிறது. அதன் பயனைக் கருவி மீண்டும் அறிந்து கூறுகிறது. பெட்ரோலுக்கு 91 என்னும் எண் வேண்டுமெனக் கொள்வோம். ஐயத்தால் 92 ஆகக் கலந்தால் விலையுயர்ந்த பொருள் வீணாகும்; 91-இற் குறைந்தால் முழுத்தொட்டியையும் மறுபடி கலக்க நேரும். கலக்கும்போதே எண் தெரியின் இரண்டும் நேரா.

கந்தகத்திலோ பணம் மட்டுமன்று, நாம் மூச்சுவிடும் காற்றே பணயம். இந்தியா முழுமைக்கும் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் பெட்ரோலிலும் டீசலிலும் பத்து இலட்சத்துக்கு 50 பங்குவரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், 10 பங்குக்கு இறங்கியது. எரிபொருளினின்று நீக்கிய கந்தகம் மறைந்து போவதில்லை. என் மாமனை வீழ்த்திய அதே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகத் திரள்கிறது. அதனை மஞ்சட் கந்தகமாக மாற்றும் வழியைக் கிளாஸ் என்பார் 1883-இற் கண்டார். மூன்று பங்கு வாயுவில் ஒரு பங்கை எரித்துக் கந்தக டையாக்சைடு ஆக்க வேண்டும். எஞ்சிய இரு பங்கும் அதனோடு கூடிக் கந்தகமும் நீரும் ஆகும். காற்று சிறிது மிகுந்தாலும் குறைந்தாலும் இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்குப் பிழைக்கும்; கந்தகமாக வேண்டிய நஞ்சு வாயுவாகவே எஞ்சி நிற்கும். வெளியேறும் வாயுவில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி இவ்விரு பொருள்களையும் இடையறாது அளந்து, அதற்கேற்பக் காற்றைத் திருத்தும் கருவி இங்கே காவல் நிற்கிறது. ஆலையைச் சூழ்ந்து வாழும் ஊரார் அதன் பெயரையும் அறியார்.

இங்கே காலத்தாழ்வு ஒரு பெரும் பகை. வண்டியோட்டுவானின் கண்ணைக் கட்டிவிட்டு, அரை நாழிகைக்கு முன் வழி எவ்வாறு இருந்தது என்று பின்னிருப்பவன் சொல்லச் சொல்ல அவன் ஓட்டுவானாயின் என்ன ஆகும்? வளைவு கடந்தபின் திருப்புவான். தவறென்று அறிந்து மறுபுறம் மிகத் திருப்புவான். வண்டி இருபுறமும் அலைந்து பள்ளத்தில் வீழும். ஆலையும் அவ்வாறே அலையும். தொலைவிலுள்ள அறைக்கு நீண்ட மெல்லிய குழாயில் மாதிரியைக் கொண்டுசென்று ஆராய்வதினும், ஓடும் குழாயினுள்ளேயே உணர்கருவியை வைப்பதைப் பொறியாளர் விரும்புவது இதனாலேயே.

இவ்வளவும் கேட்டபின், “கருவி பொய் சொன்னால்?” என்று யான் மாமனை வினவினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “அதுதான் தம்பி, என் வேலை” என்றார்.

கருவி பொய் சொன்ன வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டு டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23-ஆம் நாள் ஒரு கோபுரத்தில் எண்ணெய் நிரம்பிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 170 அடி உயரக் கோபுரத்தில் 158 அடி வரை எண்ணெய் ஏறியிருக்க, மட்டம் அறியும் கருவி 10 அடிக்கும் குறைவென்றும், அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றும் காட்டியது. மட்டம் மிகுந்ததை அறிவிக்க வேண்டிய மற்றோர் எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. கோபுரம் பொங்கி வழிய, வெளியேறிய எண்ணெயாவி தீப்பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டனர். ஏறத்தாழ 180 பேர் காயமுற்றனர். அக்கருவியின் அளவுத்திருத்தம் பிழைபட்டிருந்ததும் அதற்குரிய காரணங்களுள் ஒன்று. அது மட்டம் அறியும் கருவியேயன்றிப் பொருளைப் பகுத்தறியும் கருவியன்று. எனினும் அது தரும் பாடம் எல்லாக் கருவிக்கும் பொது. கருவி இல்லாதவன் ஐயுற்று எச்சரிக்கையாக இருப்பான். பொய்க்கருவி உடையவனோ ஐயமின்றிக் கேட்டினுட் செல்வான்.

ஆதலின், மாமன் நாடோறும் கருவிகளை விசாரணை செய்கிறார். அளவு முன்னரே அறிந்த வாயுவை உருளையினின்று செலுத்தி, “இஃது எவ்வளவு?” என்று கருவியை வினவுகிறார். விடை பிறழ்ந்தால் திருத்துகிறார். படிந்த அழுக்கைத் துடைக்கிறார். இன்றும் புட்டியிற் சில மாதிரிகள் ஆய்வுக்கூடம் செல்கின்றன. ஆய்வுக்கூடம் சொல்வதும் கருவி சொல்வதும் ஒத்திருக்கின்றனவா என்று ஏட்டிற் குறித்துப் பார்க்கிறார். கச்சா எண்ணெய் மாறினாலும், கலவையிற் புதுக்கூறு சேர்ந்தாலும், அகச்சிவப்புக் கருவி தான் முன் கல்லாத பாடத்திலிருந்து வினா வந்த மாணவனைப் போல உளறும். அதற்குப் புதுப்பாடம் கற்பிக்க வேண்டும். காண்டலும் கருதலும் பிழைபடாமற் காப்பது, நம்பத்தக்கோர் கூறும் உரை. மூன்று அளவைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை, ஏட்டிற் படித்த யான், ஆலையிற் கண்டறிந்தவர் வாயிலாகவே தெளிந்தேன். நாழிக்கும் தருக்கத்துக்கும் ஒரே பெயர் ஏன் என்னும் என் வினாவுக்கு இதுவே விடை: நாழி நேரியதா என்று வினவுவான் இல்லாவிடின் அளத்தல் அறிதல் ஆகாது.

ஒன்றை மறைத்தல் கூடாது. மாமனோடு புட்டி ஏந்தியோர் அன்று பதினால்வர். கருவிகள் ஒவ்வொன்றாக வந்தபின் மாதிரி பிடிப்பதற்கு இன்று நால்வரே வேண்டும். மாமன் நாற்பதாம் வயதில் இரவுதோறும் கற்றுக் கருவிப் பணிக்கு மாறினார். சிலரால் அது இயலவில்லை. ஒப்பந்தம் புதுக்கப்பெறாது ஊர் திரும்பினர். அவரைத் தோளில் தாங்கி இறக்கிய தோழரும் அவர்களுள் ஒருவர். அவர் இப்பொழுது தம் ஊரிற் சிறு கடை வைத்திருக்கிறார். மாமன் ஆண்டுதோறும் சென்று கண்டு வருகிறார். கருவி உயிரைக் காக்கிறது என்பதும் மெய். அது சிலர் பிழைப்பை மாற்றிவிட்டது என்பதும் மெய். ஏணியில் அவர்களை ஏற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று யான் சொல்லேன். ஆனால் ஏணியிலிருந்து இறக்கியவர்களுக்கு அமர இடம் அமைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லுவேன். கற்பிக்கும் காலமும் பொருளும் கருவியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்படுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் என் அன்னையாருக்கு எடுத்துரைத்தேன். அண்ணன் செல்வது ஏணிக்கன்று, ஏணியில் ஏறுவாரைக் குறைக்கும் பணிக்கு என்றேன். இடரே இல்லை என்று யான் சொல்லவில்லை. பணியாளர் மார்பில் அணியும் சிறு எச்சரிக்கைக் கருவியைப் பற்றியும், அதனை அணியாது செல்வார்க்கு அது பயன்படாது என்பதையும் சொன்னேன். அன்னையார் இரண்டு நாள் மறுமொழி கூறவில்லை. மூன்றாம் நாள் மாமனைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, அவனுக்கு நீ முதலில் அந்த மார்புக் கருவியைச் சோதிக்கக் கற்றுக்கொடு; மற்றவை பிறகு” என்றார். அவ்வளவே அவர் இசைவு. அண்ணன் சென்ற திங்கள் பணியில் அமர்ந்தான்.

நண்பர்களே, நாம் நாடோறும் பேருந்தில் ஏறுகிறோம். வீட்டில் அடுப்பு எரிகிறது. அவற்றுக்குரிய எண்ணெயின் ஒவ்வொரு சொட்டும் எங்கோ ஒரு கருவியின் முன் நின்று விடையிறுத்து வந்தது. அக்கருவியும் எங்கோ ஒரு மனிதன்முன் நின்று விடையிறுத்தது. அறிவியல் பயில்வோர் புதிய கருவிகளை ஆக்குவர், ஆக்குக. மொழி பயிலும் நாமும் வாளாவிருத்தல் ஆகாது. சொல்லும் ஓர் அளவையே. செய்தித்தாளின் சொல்லையும், மேடையின் சொல்லையும், நம் சொந்த நாவின் சொல்லையும் அளவு அறிந்த பொருளோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவோர் ஒரு நாட்டில் எத்துணைப் பேர் உளரோ, அத்துணையே அந்நாட்டின் பேச்சை நம்பலாம். அப்பணிக்கு ஆள் குறைக்கும் கருவி இன்னும் வரவில்லை.